எந்தப் பருவத்துக்கு எந்த சூப்? கான்டனீஸ் சமையலறையில் ஒரு தேர்வு

ஹாங்காங்குக்கோ குவாங்சோவுக்கோ புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள் சில மாதங்களுக்குள் ஒன்றைக் கவனித்துவிடும். பக்கத்து வீட்டுச் சீன அம்மா மார்ச்சில் சந்தையிலிருந்து கொண்டுவரும் பையில் கிழங்கும் பயறும் இருக்கும். ஜூலையில் நீர்ப்பூசணித் துண்டம். நவம்பரில் கட்டுக்கட்டாகக் கீரை. எல்லாம் சூப்புக்குத்தான். வெளியே காற்று எப்படி அடிக்கிறது, வீட்டில் யாருக்கு இருமல், யாருக்கு வயிறு மந்தம் என்று பார்த்து அதற்கேற்ற சூப் வைப்பது, தெற்குச் சீனத்தின் குவாங்டோங், ஹாங்காங் பகுதி மக்களான கான்டனீஸ் வீடுகளின் அன்றாட வழக்கம். சீன மருத்துவத்தின் பருவக் கணக்கை அந்த மக்கள் சமையலாகவே பழகியிருக்கிறார்கள்.

நாமும் வைத்துப் பார்க்கலாமே என்று நினைப்பவர்களுக்கு முதல் தடை, எதை வைப்பது என்பதுதான். மருந்துக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணை ஒன்று சொல்லும், அலுவலகத் தோழி வேறொன்று சொல்வார், இறைச்சிக் கடைக்காரர் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லி எலும்பையும் வெட்டிக் கையில் கொடுத்துவிடுவார். இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எது யாருக்கு ஏற்றது என்று சொல்லவே இதை எழுதுகிறேன். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஆண்டு முழுவதும் வைக்க முடியாது, ஒரு பருவத்துக்கு மட்டும்தான் முடியும் என்றால் இலையுதிர் காலத்தைத் தேர்ந்தெடுங்கள். ஊரே கொண்டாடும் குளிர்காலச் சத்து சூப்புகளில்தான் யோசித்து இறங்க வேண்டும்.

காலண்டரா, வானமா, உடம்பா?

சூப்பைத் தேர்ந்தெடுக்க மூன்று வழிகாட்டிகள் இருக்கின்றன. முதலாவது காலண்டர். சூரியனின் ஓட்டத்தை வைத்து ஆண்டை 24 கூறுகளாகப் பிரிக்கும் பழைய சீன முறை இன்றும் வழக்கில் இருக்கிறது. 2016-ல் யுனெஸ்கோ அதை மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஒவ்வொரு கூறுக்கும் ஒரு சூப் என்று அச்சிட்ட அட்டவணைகள் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அந்தக் காலக்கணக்கு வடக்கே மஞ்சள் ஆற்றுப் படுகையின் வானிலையைப் பார்த்து உருவானது. அதன்படி இலையுதிர் காலம் தொடங்குவது ஆகஸ்ட் 7 அல்லது 8-ல். அன்றைக்கு ஹாங்காங்கில் வெயில் முப்பது டிகிரியைத் தாண்டி அடிக்கும், புயல் எச்சரிக்கைக் காலமும் முடிந்திருக்காது. அட்டவணையை நம்பி அன்று வறட்சி நீக்கும் சூப்பைக் குடித்தால், வியர்வையில் நனைந்த சட்டையோடுதான் குடிக்க வேண்டும்.

இரண்டாவது வழிகாட்டி வானம். தெற்குச் சீனத்தின் உண்மையான பருவங்கள் வேறு மாதிரி. பிப்ரவரி இறுதியிலிருந்து ஏப்ரல் வரை கடலிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த சுவர்களில் பட்டு நீராகக் கோர்க்கும். குளியலறைக் கண்ணாடி மட்டுமல்ல, படிக்கட்டுச் சுவர்கூட வியர்க்கும். பிறகு நீண்ட, மழையும் வெயிலும் கலந்த கோடை. அக்டோபரில் வடகிழக்குக் காற்று திரும்பியதும் சில வாரங்களுக்குள் உதடு வெடிக்கும் வறட்சி. அதன் பின் சிறிய குளிர்காலம், அதிலும் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும் நாட்கள் கொஞ்சம்தான். கான்டனீஸ் மக்கள் வடக்கின் காலண்டரை வைத்துக்கொண்டே, சட்டியில் தங்கள் வானத்துக்கு ஏற்றதைத்தான் போட்டார்கள். வசந்தம் என்றால் அவர்களுக்கு ஈரம். இலையுதிர் என்றால் வறட்சி.

மூன்றாவது உடம்பு. சீன மருத்துவம் மனிதர்களை உடல்வாகு பார்த்துப் பிரிக்கிறது; 2009-ல் சீன மருத்துவச் சங்கம் ஒன்பது உடல்வாகுகளை வரையறுத்து, கேள்வித்தாளோடு ஒரு தரநிலையாகவே வெளியிட்டது. கைகால் சில்லென்று இருக்கிறதா, வாய் வறள்கிறதா, நாக்கில் மாவு படிகிறதா என்ற ரீதியில் கேள்விகள் போகும். ஒரே நாளில் ஒரே வீட்டில் இருவருக்கு ஒரே சூப் ஒத்துவராது என்பது இதன் பொருள்.

மூன்றையும் எடைபோட்டால் என் வரிசை இது: வானத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், மறுக்கும் உரிமையை உடம்புக்குக் கொடுங்கள், காலண்டரை நினைவூட்டலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே தமிழர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சூடு, குளிர்ச்சி என்ற பேச்சு நமக்குப் புதிதல்ல என்பதால், நம் பட்டியலையே அங்கேயும் பொருத்திவிடுகிறோம். நீர்ப்பூசணியும் பச்சைப்பயறும் இரண்டு மரபிலும் குளிர்ச்சிதான். ஆனால் நம் வீடுகள் பலவற்றில் கோழி சூடு, ஆட்டிறைச்சி அவ்வளவு சூடில்லை. சீனர்களுக்கு ஆட்டிறைச்சி கடும் சூடு, கோழி மிதமானது. ஆகவே சீன சூப்புக்குச் சீனப் பட்டியலையே பின்பற்றுங்கள்.

இன்னொரு சிக்கல் அந்த மரபுக்குள்ளேயே இருக்கிறது. கோடையில் குளிர்ச்சியானதைச் சாப்பிடு என்பது எளிய கணக்கு. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள ‘ஹுவாங்தி நெய்ஜிங்’ மருத்துவ நூலோ, வசந்தத்திலும் கோடையிலும் யாங்கை (உடம்பின் வெப்பக் கூறு) பேண வேண்டும், இலையுதிரிலும் குளிரிலும் யின்னை (குளிர்ச்சிக் கூறு) பேண வேண்டும் என்கிறது. கோடையில் வெப்பம் தோலுக்கு வந்துவிட, வயிறு உள்ளே குளிர்ந்துவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். குளிருக்கு முள்ளங்கி, கோடைக்கு இஞ்சி என்ற சீனப் பழமொழியும் இந்தப் பக்கம்தான். கிழக்குச் சீனத்தின் ஷூசோ நகரில் உச்சக் கோடையில் ஆட்டிறைச்சி சூப் குடிப்பது ஊர்த் திருவிழாவாகவே நடக்கிறது. அப்படியென்றால் கோடையில் நீர்ப்பூசணி சூப் தவறா? கான்டனீஸ் அம்மாக்கள் இதற்குச் சட்டியிலேயே பதில் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு குளிர்ச்சியான சூப்பானாலும் இரண்டு வில்லை இஞ்சியும் ஒரு துண்டு பழைய கமலா ஆரஞ்சுத் தோலும் அதில் விழும். இந்தச் சிறு கைப்பழக்கத்தை எந்தச் சமையல் குறிப்பில் விட்டிருந்தாலும் நீங்கள் விடாதீர்கள்.

எவ்வளவு நேரம் அடுப்பில்?

கான்டனீஸ் சமையலில் மூன்று முறைகள் உண்டு. சிறு தீயில் இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்கும் ‘லோ ஃபோ தோங்’. மூடிய பீங்கான் ஜாடியைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து நான்கு மணி நேரம் வரை வேகவைக்கும் ‘டன் தோங்’. கால் மணி நேரத்தில் இறக்கிவிடும் ‘குவன் தோங்’.

பெருமை எல்லாம் முதல் முறைக்குத்தான். பயறு, கிழங்கு, எலும்பு மூன்றும் ஒன்றுகலந்து வரும் சுவை வேறு எதிலும் வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீண்ட நேரம் கொதித்த இறைச்சிச் சாற்றில் பியூரின் மிகுதியாக இறங்கும். யூரிக் அமிலம் கூடி மூட்டுவலி வருபவர்களுக்கு அது பகை. இன்னொன்றும் உண்டு. சூப் குடித்தால் சத்தெல்லாம் வந்துவிடும் என்று நம்பி, வெந்த இறைச்சியைக் குப்பையில் கொட்டும் பழக்கம் அங்கே பரவலாக இருக்கிறது. புரதத்தில் பெரும்பகுதி அந்த இறைச்சியில்தான் தங்கியிருக்கிறது. அதைத் தனித் தட்டில் எடுத்து, சோயா சாஸில் தோய்த்துச் சாப்பிடும் குடும்பங்களைத்தான் பின்பற்ற வேண்டும்.

டன் தோங் விலை உயர்ந்த பொருட்களுக்கு. நேரடித் தீ படாததால் சாறு கலங்காமல் தெளிவாக இருக்கும், அளவும் வற்றாது. குவன் தோங்கை யாரும் மெச்சுவதில்லை. தண்டுக்கீரையை உப்பு முட்டையோடும் பூண்டோடும் ஒரு கொதி விட்டு இறக்குவது, கடுகுக்கீரையோடு டோஃபு சேர்ப்பது போன்றவை இந்த வகை. வேலைக்குப் போகும் குடும்பத்துக்குக் கோடை முழுவதும் இதுவே போதும் என்பது என் கருத்து. அடுக்குமாடிக் குடியிருப்பின் சிறு சமையலறையில் ஆகஸ்ட் மாதம் மூன்று மணி நேரம் அடுப்பை எரித்துவிட்டு உடம்பைக் குளிர்விப்பதில் பொருளில்லை.

வசந்தம்: ஈரத்தை விரட்ட

ஃபன் கொட் என்னும் மாவுக்கிழங்கும் லெங் யூ என்னும் கெண்டை வகை மீனும் சேர்ந்த சூப்தான் இந்தப் பருவத்தின் அடையாளம். மீனை இஞ்சியோடு பொன்னிறமாக வறுத்து, துணிப்பையில் கட்டிப் போடுவார்கள், அவ்வளவு முள். கூடவே செம்பயறு, வெள்ளை மொச்சை. மொச்சை நம்மூர் மொச்சையின் இனமேதான். சரியாக வேகாவிட்டால் வயிற்றுக்கு ஆகாது என்பதும் அதேதான். செம்பயறு வாங்கும்போது உருண்டையானதை விட்டு, மெலிந்து நீண்டு, ஓரத்தில் வெள்ளைக் கோடு உள்ளதை எடுங்கள். இனிப்புக்குப் போடுவது உருண்டை. ஈரத்தை இறக்கச் சூப்பில் போடுவது மெலிந்தது.

மாற்று, வூஜி மாவ்தாவ் என்னும் வேர். இது அத்தி இனத்துச் செடியின் வேர். கொதிக்கும்போது தேங்காய் வாசம் வரும். மீன் முள்ளோடு போராட விரும்பாதவர்களும் குழந்தைகள் உள்ள வீடுகளும் இதையே எடுக்கலாம். பன்றி எலும்போ கோழியோ எதோடும் ஒத்துப்போகும். இரண்டில் என் கை முதலில் போவது இந்த வேருக்குத்தான்.

கோடை: இரண்டு காய்கள், ஒரு பயறு

இங்கே தேர்வு எளிது, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். நீர்ப்பூசணியைத் தோலும் விதையுமாகப் போட்டு, செம்பயறும் யீ மாயும் சேர்த்து வைப்பது பெரும்பாலானவர்களுக்கு ஏற்றது. யீ மாய் தானியத்தை நம்மவர்கள் பார்லி என்று நினைத்து வாங்குகிறார்கள், இரண்டும் வேறு. யீ மாய் பெரியது, நடுவில் ஆழமான பழுப்புப் பள்ளம் இருக்கும். கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்க வேண்டும் என்பது சீன மருத்துவத்தின் நெடுநாள் எச்சரிக்கை. பாகற்காயும் சோயாவும் விலா எலும்பும் சேர்ந்த சூப் இதைவிடக் குளிர்ச்சி. அடிக்கடி வயிறு போகிறவர்களுக்கு வேண்டாம். இறைச்சி வேண்டாதவர்கள் பச்சைப்பயறுக் கஞ்சியை லேசாக இனிப்புச் சேர்த்துக் குடிக்கலாம். சீனம் முழுவதும் கோடையில் குடிப்பது அதுதான்.

கோடையின் கடைசிப் பகுதியைச் சீன மருத்துவம் தனிப் பருவமாகக் கணக்கிட்டு, செரிமானத்தோடு இணைக்கிறது. தாமரை விதை, குறுதாமரை விதை, சீன வள்ளிக்கிழங்கு, ஃபூலிங் என்னும் காளான் கட்டி ஆகிய நான்கும் சேர்ந்த ‘நான்கு தெய்வங்கள்’ சூப் இதற்கானது. தைவானில் இதைப் பன்றிக் குடலோடு தெருக்கடைகளில் விற்கிறார்கள். குறுதாமரை விதையைப் பொரித்ததைத்தான் இந்தியக் கடைகளில் மக்கானா என்று வாங்குகிறோம். சூப்புக்குப் பொரிக்காதது வேண்டும். பசி மந்தமாக உள்ள பெரியவர்களுக்கு இந்த நான்கில் எதுவும் கடுமையானது அல்ல என்பதால், மருந்துக்கடைப் பொருட்களில் முதலில் பழக ஏற்றது இதுதான்.

இலையுதிர் காலம்: என் முதல் தேர்வு

இந்தப் பருவத்தில் சீன மருத்துவம் பேசுவது நுரையீரலையும் வறட்சியையும். தொண்டைக் கரகரப்பு, வறட்டு இருமல், தோல் வெடிப்பு ஆகியவை அந்த வாரங்களில் யாருக்கும் வருபவை. இதற்கான சூப்புகளில் பெரும்பாலானவை வெறும் காயும் பழமும். தவறாகப் போனாலும் கெடுதல் சிறிது. சரியாக அமைந்தால் சுவை அபாரம். ஈரமான, சூடான ஏதோ ஒன்று தொண்டையில் இறங்கும்போது கிடைக்கும் ஆறுதலுக்கு எந்தக் கோட்பாடும் தேவையில்லை. அதனால்தான் தொடங்குகிறவர்களை இந்தப் பருவத்துக்கு அனுப்புகிறேன்.

போட்டி மூன்று சூப்புகளுக்கிடையே.

முதலாவது வாட்டர்கிரெஸ் கீரை சூப். ஹாங்காங்கின் மோங் கோக்கில் இன்று ஜனநெருக்கடி மிகுந்த சாய் யீயுங் சோய் தெரு, ஒரு காலத்தில் அங்கே இந்தக் கீரை விளைந்ததால் வந்த பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. ஒரு கட்டி (ஏறத்தாழ 600 கிராம்) கீரை, அரைக் கிலோ பன்றி விலா எலும்பு, நான்கைந்து உலர்ந்த அத்திப்பழம், இரண்டு மேசைக்கரண்டி இனிப்பு வாதுமைப் பருப்பு, ஒரு துண்டு ஆரஞ்சுத் தோல், இரண்டரை லிட்டர் நீர். எலும்பைத் தனியாக ஒரு கொதி விட்டு நுரையைக் கழுவிவிட வேண்டும். பிறகு எல்லாவற்றையும் போட்டுத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதுதான் கீரையைச் சேர்க்க வேண்டும். குளிர்ந்த நீரில் போட்டால் சூப் கசந்துவிடும் என்று ஒவ்வொரு கான்டனீஸ் சமையல்காரரும் எச்சரிப்பார். ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் கீரை பச்சை நிறம் இழந்து பாசி நிறத்துக்கு வரும், தண்டு நாக்கில் கரையும், அத்தியின் இனிப்பு சாற்றில் இறங்கியிருக்கும். உப்பு கடைசியில்.

இரண்டாவது பனிப் பேரிக்காய், வெள்ளைச் செவிக்காளான், லில்லிக் கிழங்கு. இது இனிப்பு, சைவர்களுக்கு அப்படியே பொருந்தும். காளானை ஊறவைத்து, அடியிலுள்ள மஞ்சள் காம்பை வெட்டிவிட்டு, சிறு துண்டுகளாகக் கிழித்துப் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதித்தபின் சாறு கொழகொழப்பாகும். பேரிக்காயைக் கடைசி அரை மணி நேரத்தில் சேர்ப்பது என் விருப்பம். முதலிலேயே போட்டால் குழைந்துவிடுகிறது. கற்கண்டு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, சர்க்கரை நோயாளிகள் அதையும் விட்டுவிடலாம். ஆனால் வெள்ளையாக, நீர்த்த சளியோடு இருமுகிறவருக்கு இது ஏற்றதல்ல என்று சீன மருத்துவர்களே சொல்கிறார்கள். அவர்கள் கணக்கில் அது குளிர் இருமல், பேரிக்காயும் குளிர்ச்சி. இருமல் என்றதும் பேரிக்காயை எடுத்துவிடும் பழக்கம் பரவலாக இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மூன்றாவது சா சம், யுக் சுக் என்னும் இரண்டு வேர்களைக் கொழுப்பில்லாத இறைச்சியோடு வைப்பது. சுவை இதமானது, லேசான இனிப்பு. ஆனால் மருந்துக்கடையைத் தேடிப் போக வேண்டும், வேரின் தரத்தை அறிய வேண்டும். மற்ற இரண்டும் கைக்கு வந்தபின் இதற்கு வரலாம்.

வீட்டில் எல்லோரும் அசைவம் என்றால் கீரை சூப். சைவர்கள் இருந்தால் பேரிக்காய். கீரை சூப்பையே சைவமாக்க வேண்டுமென்றால் எலும்புக்குப் பதில் நிலக்கடலையும் காய்ந்த ஷிட்டாகே காளானும் கேரட்டும் போடலாம். அத்திப்பழம் இருப்பதால் இனிப்பு குறையாது. ஒரு எச்சரிக்கை: குறிப்புகளில் ‘தெற்கு, வடக்கு வாதுமை’ என்று சேர்த்து எழுதியிருப்பார்கள். தெற்கு இனிப்பு, வடக்கு கசப்பு. இரண்டுமே உண்மையில் ஆப்ரிகாட் பழத்தின் கொட்டைப் பருப்புகள். கசப்பானதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. அதை ஒரு தேக்கரண்டிக்கு மேல் போடாதீர்கள், பச்சையாக வாயில் போடாதீர்கள், குழந்தைகள் உள்ள வீட்டில் அடியோடு விட்டுவிடுங்கள்.

குளிர்காலம்: நிதானம் வேண்டிய இடம்

டாங்குவெய் என்னும் மூலிகை வேர், இஞ்சி, ஆட்டிறைச்சி மூன்றும் சேர்ந்த சூப் குளிர்கால சூப்புகளின் அரசன். கிழக்கு ஹான் காலத்து மருத்துவர் சாங் சோங்ஜிங், ஏறத்தாழ கி.பி. 200-ல் எழுதிவைத்தது. டாங்குவெய் மூன்று லியாங், இஞ்சி ஐந்து லியாங், ஆட்டிறைச்சி ஒரு ஜின் (லியாங், ஜின் இரண்டும் சீன எடை அளவுகள்). எட்டுப் படி நீரை மூன்று படியாக வற்றவைத்து, மூன்று வேளையாகக் குடிக்க வேண்டும். இந்தக் குறிப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். இஞ்சி, டாங்குவெய்யைவிட அதிகம். அவர் இதை எழுதியது வயிற்றில் குளிர் தங்கி வரும் வலிக்கும், பிரசவத்துக்குப் பின் வரும் வயிற்றுவலிக்கும். குளிர்காலம் வந்தால் எல்லோரும் குடியுங்கள் என்று அவர் சொல்லவில்லை. இன்று கடைகளில் டாங்குவெய் தூக்கலாக, இஞ்சி பெயருக்கு, ஊருக்கெல்லாம் சத்து என்று விற்கப்படுவது அவர் எழுதியதன் திரிபு.

கைகால் எப்போதும் சில்லிட்டிருப்பவர், குளிரில் வயிறு பிசைபவர் இதைச் சாப்பிடலாம்: அரைக் கிலோ இறைச்சிக்குப் பத்து கிராம் டாங்குவெய், முப்பது கிராம் இஞ்சிக்குக் குறையாமல். வாய்ப்புண், மலச்சிக்கல், முகப்பரு உள்ளவர்கள் வேண்டாம். கான்டனீஸ் வீடுகளில் ஆட்டிறைச்சியோடு கரும்பும் வாட்டர் செஸ்ட்நட் கிழங்கும் சேர்ப்பார்கள். சூட்டைத் தணிக்கும் அந்த வகை ஹாங்காங்கின் மிதமான குளிருக்கு மூல சூப்பைவிடப் பொருத்தம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் டாங்குவெய் பக்கமே போகக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும்.

இதற்கு மேலே பத்து மூலிகை சத்து சூப் என்று ஒன்று உண்டு. ‘சீ’ எனப்படும் உயிராற்றலுக்கு நான்கு மூலிகை, ரத்தத்துக்கு நான்கு மூலிகை, அவற்றோடு ஹுவாங் சி என்னும் வேர், பட்டை. தைவானில் நவம்பர் 7, 8 வாக்கில் குளிர்காலம் தொடங்கும் நாளில் இம்மாதிரி சத்து சூப்புகளின் விற்பனை களைகட்டும். மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் இதை வீட்டில் வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். காய்ச்சல், சளி இருக்கும்போது சத்து சூப் குடிப்பதைச் சீன மருத்துவர்கள் திருடனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவது என்பார்கள். வீட்டில் யார் தும்முகிறார்கள் என்று பார்த்துவிட்டே சட்டியை எடுக்க வேண்டும்.

எந்த நிலையிலும் வைக்கக் கூடாதது, ஃபூசி முதலான நாவிக் கிழங்குகள் சேர்ந்த சூப். சித்த மருத்துவத்தில் சுத்தி செய்யாமல் தொடாத அதே நாவி இனம்தான். ஹாங்காங்கில் இதனால் நஞ்சேறி மருத்துவமனைக்குப் போனவர்களின் செய்தி திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

சாதாரணக் குடும்பத்துக்கு என் பரிந்துரை இரண்டு. கோழியும் முற்றிய தேங்காய்ப் பத்தையும் சிவப்புச் சீன இலந்தையும் சேர்ந்த சூப். மூலிகையே இல்லை, நம் நாக்குக்கு முதல் மடக்கிலேயே பிடிக்கும். இன்னொன்று தாமரைக் கிழங்கும் நிலக்கடலையும் எலும்பும். தாமரைக் கிழங்கு பச்சையாகக் குளிர்ச்சி, வெந்தால் இதம் என்பது சீனக் கணக்கு. வெட்டும்போது நூல் நூலாக இழை நீளும் முதிர்ந்த கணுவைக் கேட்டு வாங்குங்கள். சூப்புக்கு மாவாக வெந்துவருவது அதுதான். எலும்பை விட்டுக் கறுப்பு மொச்சையோ முந்திரியோ போட்டால் சைவம்.

பாக்கெட்டா, உதிரியா?

பல்பொருள் அங்காடிகளில் ‘இலையுதிர் சூப்’ என்று பெயரிட்ட பாக்கெட்டுகள் கிடைக்கும். அளவு பார்க்கும் வேலையில்லை. முதல் முறை சுவை அறிய அது போதும். ஆனால் உள்ளிருப்பது என்ன, எவ்வளவு பழையது என்று தெரியாது. ஒத்துவராத ஒன்றை எடுத்துப்போடவும் மனம் வராது. ஹாங்காங்கின் ஷியுங் வான் பகுதியிலுள்ள கோ ஷிங் தெருவில் வரிசையாக இருக்கும் மருந்துக்கடைகளில் உதிரியாக வாங்குவது எனக்குப் பிடித்த வழி. கையில் எடுத்துப் பார்க்கலாம். பளீரென்று வெள்ளையாக இருக்கும் செவிக்காளானும் லில்லிக் கிழங்கும் கந்தகப் புகை பிடித்தவையாக இருக்க வாய்ப்புண்டு. மூக்கருகே கொண்டுபோனால் புளித்த நெடி தெரியும். வெளிர்மஞ்சள் நிறமே இயல்பு. ஆரஞ்சுத் தோலில் குவாங்டோங்கின் ஷின்ஹுயி ஊர்ச் சரக்குக்குப் பெயர் அதிகம். குறைந்தது மூன்று ஆண்டு பழகியிருந்தால்தான் அதற்கு அந்தப் பெயர் பொருந்தும். சூப்புக்கு ஐந்தாண்டுத் தோலே தாராளம், இருபதாண்டுத் தோலுக்குப் பணம் கொட்ட வேண்டாம்.

எடையில் ஏமாறாதீர்கள். ஹாங்காங் கடைகளில் ஒரு லியாங் ஏறத்தாழ 38 கிராம், ஒரு கட்டி 605 கிராம். பெருநிலச் சீனத்துச் சமையல் குறிப்பில் ஒரு லியாங் 50 கிராம், ஒரு ஜின் 500 கிராம். காய்கறியில் இந்த வித்தியாசம் பெரிதில்லை, மூலிகையில் பெரிது. கிராமில் கேட்டு வாங்குவது பாதுகாப்பு.

சிறுநீரக நோயாளிகள் காயும் கீரையும் நீண்ட நேரம் கொதித்த சாற்றைத் தவிர்க்க வேண்டும்; பொட்டாசியம் அதில் இறங்கியிருக்கும். அன்றாடம் மாத்திரை எடுப்பவர்கள் மூலிகை சேர்ந்த எந்த சூப்புக்கும் முன் மாத்திரைப் பட்டியலோடு மருத்துவரைப் பாருங்கள். ஹாங்காங்கில் 1999-ன் சட்டத்தின்படியும் சிங்கப்பூரில் 2000-ன் சட்டத்தின்படியும் சீன மருத்துவர்கள் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்குக் கேள்வி வேறு: நான்கு பருவமே இல்லாத ஊரில் எந்த சூப்? அங்குள்ள சீனக் குடும்பங்கள் குவாங்டோங்கின் அட்டவணையைக் கொண்டுவந்தாலும் பின்பற்றுவது வானத்தையும் உடம்பையும்தான். 1879-ல் பேராக்கின் கோப்பெங்கில் தொடங்கிய யூ யான் சாங் மருந்துக்கடையின் கிளைகள் இன்று இரு நாட்டிலும் இருப்பதால் பொருட்களுக்குப் பஞ்சமில்லை. ஆண்டு முழுவதும் அவர்களுக்குக் கோடையும் ஈரமும்தான் என்பதால் நீர்ப்பூசணியும் நான்கு தெய்வங்களும் அடித்தளம். புகைமூட்டம் வந்து தொண்டை காயும் வாரங்களில் பேரிக்காயும் வெள்ளைக் காளானும். வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்யும் டிசம்பரில் தேங்காய்க் கோழி. ஆட்டிறைச்சியும் டாங்குவெய்யும் அங்கே பிரசவித்தவருக்கும் உண்மையிலேயே குளிர் தங்கிய உடம்புக்கும் மட்டும், அதுவும் மருத்துவரைக் கேட்டபின்.